நைட்ரிக் ஆக்சைடு கருப்பையை அடக்கி வைக்கிறது என்றால், கருப்பை வாயை இளக்குவது எப்படி?

செவ்வந்தி (கேள்வி)

வணக்கம். மகப்பேறு செவிலியர் வகுப்புக்கான பாடக்குறிப்பு நைட்ரிக் ஆக்சைடு பகுதியில் வந்து நிற்கிறது. கர்ப்பம் முழுக்கக் கருப்பைத் தசையைத் தளர்வாக வைத்திருப்பது இந்த வாயு என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. பிரசவம் நெருங்கும்போது கருப்பை வாயைப் பழுக்க வைப்பதும் இதுதான் என்று அடுத்த பக்கத்திலேயே வருகிறது. பூட்டுவதும் இதுவே, திறப்பதும் இதுவே என்று எழுதினால் மாணவிகள் குழம்பத்தான் செய்வார்கள்.

தசைக்குள் படிப்படியாக நடப்பது என்ன? வலி தொடங்குவதற்கு முன் இதன் அளவு உண்மையிலேயே குறைகிறதா, இல்லை எலியில் பார்த்ததை மனிதருக்கும் சேர்த்து எழுதிவிட்டார்களா? பிரசவ அறையில் நைட்ரோகிளிசரின் கொடுப்பதென்றால் எவ்வளவு, எப்படிக் கலப்பது, எங்கே தவறு நடக்கிறது? அவ்வளவு வேகமாகத் தளர்த்தும் மருந்தைக் குறைமாத வலிக்கு ஏன் முதலில் கையில் எடுப்பதில்லை? தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தசையிழை

இரண்டு பக்கமும் சரிதான் மேடம். வாயு ஒன்று, அது போய்ச் சேரும் திசு வேறு. கருப்பையின் உடற்பகுதி பெரும்பாலும் மென்தசை, கருப்பை வாய் பெரும்பாலும் கொலாஜன் நார். தசையில் பட்டால் தளர்ச்சி, அதுவும் ஒரு நிமிடத்துக்குள். நாரில் பட்டால் நார்க்கட்டு மெல்ல அவிழ்கிறது, அதற்கு மணிக்கணக்கில் ஆகும். இந்த வேக வித்தியாசத்தைப் பாடத்தின் முதல் வரியாக வையுங்கள், பாதிக் குழப்பம் தீரும். நான் தசையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மூலப்பொருள் எல்-அர்ஜினைன் என்ற அமினோ அமிலம். நைட்ரிக் ஆக்சைடு சிந்தேஸ் என்ற நொதி அதையும் ஆக்சிஜனையும் சேர்த்து, சிட்ருலினையும் நைட்ரிக் ஆக்சைடையும் தருகிறது. நொதிக்கு மூன்று வடிவங்கள் உண்டு: நரம்பில் முதலில் கண்டது, ரத்தக்குழாயின் உட்படலத்தில் இருப்பது, அழற்சியின்போது தூண்டப்படுவது. முதல் இரண்டும் செல்லுக்குள் கால்சியம் ஏறும்போதுதான் வேலை செய்யும், கொஞ்சமாகத்தான் தரும். மூன்றாவது கால்சியத்துக்காகக் காத்திருக்காது. ஒருமுறை உருவாகிவிட்டால் மணிக்கணக்கில் அதிகமாகச் சுரந்துகொண்டே இருக்கும். வாயுவோ திசுவில் சில நொடிகள்தான் தாங்கும். ரத்தத்துக்குள் போனால் ஹீமோகுளோபின் அதைப் பிடித்து நைட்ரேட்டாக மாற்றிவிடும். ஆகவே இது ரத்தத்தோடு சுற்றிவரும் ஹார்மோன் போன்றதல்ல. பிறந்த இடத்துக்குப் பக்கத்துச் செல்களோடு இதன் கதை முடிந்துவிடும்.

தசைச் செல்லுக்குள் நுழைந்ததும் கரையும் குவானைலேட் சைக்ளேஸ் என்ற நொதியின் ஹீம் இரும்பில் ஒட்டிக்கொள்கிறது. அந்த நொதி ஜி.டி.பி. என்ற மூலக்கூறை சி.ஜி.எம்.பி. என்ற சமிக்ஞை மூலக்கூறாக மாற்றும், சி.ஜி.எம்.பி. புரதக் கைனேஸ் ஜி-யை எழுப்பும். பிறகு மூன்று வேலைகள் சேர்ந்தே நடக்கின்றன. செல்லுக்குள் கால்சியம் தாழ்கிறது. பொட்டாசியம் வாய்க்கால்கள் திறந்து செல்சவ்வின் மின்னழுத்தம் இன்னும் எதிர்மறையாகிறது, அதனால் சுருக்க அலை கிளம்புவது கடினமாகிறது. தசையைச் சுருக்கும் புரதமான மயோசினின் லேசான சங்கிலியில் ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்பட்டேஸ் வேகமெடுக்கிறது, பாஸ்பேட் கழன்றால் சுருக்கம் விடும். சி.ஜி.எம்.பி.யை உடைத்து இதை நிறுத்துவது பாஸ்போடையெஸ்டரேஸ்-5. ரத்தக்குழாயை விரிக்கும் மருந்தான சில்டெனாஃபில் தடுப்பது இந்த நொதியைத்தான்.

மேலே சொன்னது ரத்தக்குழாய்த் தசைக்கு அப்படியே பொருந்தும். மனிதக் கருப்பைத் தசைக்கு முழுக்கப் பொருந்தாது, பாடக்குறிப்பில் இதைக் கட்டாயம் சேருங்கள். குவானைலேட் சைக்ளேஸை அடைத்து, சி.ஜி.எம்.பி. ஏறாமல் பார்த்துக்கொண்டாலும் நைட்ரிக் ஆக்சைடு கருப்பைத் தசைத்துண்டைத் தளர்த்தத்தான் செய்கிறது. 1998-இலேயே இது மனிதத் திசுவில் காட்டப்பட்டுவிட்டது. புரதங்களிலுள்ள சிஸ்டீனின் கந்தகத்தோடு நேரடியாக ஒட்டி அவற்றின் போக்கை மாற்றுவது இரண்டாவது வழி. ரத்தக்குழாய்க்கு வேலை செய்யும் மருந்து கருப்பைக்கும் அதே கணக்கில் வேலை செய்யும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி "குறைகிறதா" என்ற கேள்வி. எலியில் படம் தெளிவு. கர்ப்ப காலத்தில் எடுத்த கருப்பைத் துண்டில் அர்ஜினைன் போட்டால் சுருக்கம் அடங்கும், பிரசவ நேரத்தில் எடுத்த துண்டில் அதே அர்ஜினைன் பெரிதாக எதுவும் செய்யாது. 1993-இல் வந்த முடிவு இது. கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் இருக்கும்வரை இந்த அடக்கம் நிற்கிறது, அது இறங்கியதும் விலகுகிறது. மனிதரில் சிக்கல் ஆரம்பத்திலேயே இருக்கிறது: பிரசவ நேரத்தில் தாயின் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அளவு எலியில்போல் சரிவதில்லை. குறைமாதத்தில் கருப்பைத் தசையில் தூண்டப்படும் வடிவ நொதி இருந்து, நிறைமாதத்தை நெருங்கும்போது குறைவதாகச் சில ஆய்வுகள் கண்டன. தசையில் நொதியே சொற்பம் என்றன வேறு சில. டெசிடுவா (கர்ப்பகாலக் கருப்பை உட்படலம்), பனிக்குடச் சவ்வு, நஞ்சு (நஞ்சுக்கொடி) ஆகியவற்றிலிருந்து பக்கத்துத் தசைக்கு வாயு கசிந்து வரலாம் என்பதற்கும் இடமிருக்கிறது. எனவே "வலி தொடங்க நைட்ரிக் ஆக்சைடு குறைவதே காரணம்" என்று எழுதாதீர்கள். "கருப்பையை அமைதியாக வைக்கும் பல பிடிகளில் இதுவும் ஒன்று, எலியில் பிரசவத்தை ஒட்டி இந்தப் பிடி தளர்கிறது" என்று எழுதினால் சரியாக இருக்கும்.

கார்த்திகைப்பூ

கருப்பை வாயை நான் தொடர்கிறேன்.

நிறைமாதத்துக்கு முன் கருப்பை வாய் மூக்கு நுனியைப் போலக் கெட்டியாக இருக்கும். பழுத்த பிறகு உதட்டைப் போல மெத்தென்று ஆகிவிடும், விரல் வைத்தாலே தெரியும். கொலாஜன் இழைகள் நெருக்கமாகக் கட்டுண்டு இருந்தவை பிரிந்து, இடையில் நீரைப் பிடித்துவைக்கும் ஹையலுரோனனும் நீரும் ஏறுவதால் வரும் மாற்றம் இது. பழுக்கத் தொடங்கும்போது வெள்ளணுக்கள் அங்கே குவிகின்றன, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்கள் ஏறுகின்றன, தூண்டப்படும் வடிவ நொதி கூடுகிறது. அது தரும் நைட்ரிக் ஆக்சைடு இரண்டு வழியில் வேலை செய்கிறது: காக்ஸ்-2 என்ற நொதி வழியாக, கருப்பை வாயை இளக்கும் புரோஸ்டாகிளாண்டினைக் கூட்டுகிறது, கொலாஜனை அறுக்கும் மெட்டலோபுரோட்டினேஸ்களையும் தூண்டுகிறது. இது ஒருவழிப் பாதையும் இல்லை. புரோஸ்டாகிளாண்டின் வகை மருந்தான மிசோப்ரோஸ்டால் வைத்தாலும் கருப்பை வாயிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு அதிகம் வெளிப்படுகிறது. ஒன்றையொன்று ஏற்றிவிடும் சுற்று இது. கெடு தாண்டியும் வலி வராத கர்ப்பங்களில் கருப்பை வாயின் வெளியீடு குறைவாக இருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

இதை வைத்துத்தான், உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடைத் தரும் நைட்ரேட் வகை மருந்தான ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் 40 மி.கி. மாத்திரையைப் பெண்ணுறுப்பின் பின்குழிவில் வைத்துப் பழுக்கவைக்கும் முறை வந்தது. சாதாரண மாத்திரைதான் வேண்டும், மெதுவாகக் கரையும் வகை ஆகாது. எண்ணம் அழகானது: புரோஸ்டாகிளாண்டின் கருப்பை வாயை இளக்குவதோடு உடற்பகுதியையும் சுருக்குகிறது, சில சமயம் அளவுக்கு மீறிச் சுருங்கிக் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது. நைட்ரேட்டோ வாயை இளக்கும், உடற்பகுதியைச் சுருக்காது. அப்படியானால் வீட்டிலிருந்தபடியே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முதல் பிரசவப் பெண்கள் 350 பேரிடம், வலி தூண்டக் குறித்த நேரத்துக்கு 48, 32, 16 மணி நேரம் முன்பாகத் தாங்களே வைத்துக்கொள்ளச் செய்து பார்த்தார்கள். 2009-இல் முடிவு வந்தது. கருப்பை வாய் இளகியது உண்மை. ஆனால் மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கும்வரை ஆன நேரம் குறையவில்லை. தலைவலி பலருக்கு வந்தது.

ஏன் இப்படி? வாய் திறந்தால் மட்டும் போதாது, உடற்பகுதி சுருங்கவும் வேண்டும். அந்த இரண்டாம் பாதியை நைட்ரேட் தராது. அளவுக்கு மீறிய சுருக்கம் குறைகிறது என்ற ஒரு நன்மைக்காக இதை முழுக்கத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. அதற்காகப் புரோஸ்டாகிளாண்டினுக்கும், கருப்பை வாயில் வைத்து விரிக்கும் பலூனுக்கும் சமமாக வைத்துச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

மூன்றாம் ஜாமம்

மயக்கவியல் பக்கத்திலிருந்து நைட்ரோகிளிசரின்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுங்கள். பிரசவ வலிக்கு முகமூடி வழியாக, ஆக்சிஜனோடு சரிபாதி கலந்து மூச்சிழுக்கத் தருவது நைட்ரஸ் ஆக்சைடு. அது வலியை மட்டுப்படுத்தும், கருப்பையைத் தளர்த்தாது. நாம் பேசுவது நைட்ரிக் ஆக்சைடு. இரண்டையும் மாற்றி எழுதிய விடைத்தாள்கள் ஏராளம்.

நைட்ரோகிளிசரின் உடலுக்குள் உடைந்து நைட்ரிக் ஆக்சைடின் வேலையைச் செய்கிறது. சிரையில் கொடுத்தால் 30 முதல் 90 நொடிக்குள் கருப்பை தளரும், சில நிமிடங்களில் பழைய நிலைக்கு வரும். பிரசவ அறைக்கு வேண்டியது இந்த "சில நிமிடங்கள்"தான். கருப்பை வெளித்திரும்பி, கழுத்துப் பகுதி வளையமாக இறுகி, உள்ளே தள்ள முடியாதபோது. நஞ்சு தங்கி, கையை உள்ளே விட முடியாமல் கருப்பை மூடிக்கொண்டபோது. இரண்டாவது இரட்டைக் குழந்தையை உள்ளேயே திருப்பி எடுக்கும்போது. அறுவைச் சிகிச்சையில் கருப்பை குழந்தையை இறுகப் பிடித்துக்கொண்டபோது.

கலப்பது எப்படி என்று கேட்டீர்கள். இங்கேதான் ஆபத்து. ஆம்பியூலில் ஒரு மி.லி.க்கு 5 மி.கி. உள்ள வகை பரவலாக இருக்கிறது, 1 மி.கி. உள்ளதும் உண்டு. லேபிளைப் படிக்காமல் கை வைக்கக் கூடாது. 5 மி.கி. வகையில் 1 மி.லி. எடுத்து 100 மி.லி. சலைனில் கலந்தால், ஒரு மி.லி.யில் ஏறத்தாழ 50 மைக்ரோகிராம். அதிலிருந்து 10 மி.லி. சிரிஞ்சில் இழுத்து, பெயரும் செறிவும் எழுதி ஒட்டிவையுங்கள். ஒரு மி.லி. கொடுத்து ஒரு நிமிடம் பாருங்கள். தளரவில்லை என்றால் இன்னொரு மி.லி. இப்படி ஐந்து தடவை வரை, அதாவது 250 மைக்ரோகிராம் வரை போகும் முறை வழக்கில் உண்டு. அவசரமென்று 100-இல் தொடங்குபவர்களும் உண்டு. இப்போது கணக்கைப் பாருங்கள்: கலக்காத ஆம்பியூலிலிருந்து நேராக 1 மி.லி. ஏற்றினால் போவது 5,000 மைக்ரோகிராம், நூறு மடங்கு. பரபரப்பான நேரத்தில் ஒருவர் கலக்க, இன்னொருவர் செறிவை உரக்கப் படித்துச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

சிரை கிடைக்காவிட்டால் நாக்கின் கீழ் ஸ்ப்ரே, ஒரு அழுத்தத்துக்கு 400 மைக்ரோகிராம். வாய் வழியில் எவ்வளவு உள்ளே போகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே சிரைவழிபோல நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க முடியாது.

தவறு நடப்பது எங்கே என்றால், பெரும்பாலும் ரத்த இழப்பைக் குறைத்து மதிப்பிடுவதில். நைட்ரோகிளிசரின் சிரைகளை விரிக்கும். ஏற்கெனவே ரத்தம் குறைந்தவருக்கு இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் மேலும் சுருங்கி, பிபி சட்டென்று விழும். குழந்தை இன்னும் உள்ளே இருந்தால் நஞ்சுக்குப் போகும் ஓட்டமும் கூடவே விழும். முதலில் திரவமோ ரத்தமோ ஓட வேண்டும், பக்கத்தில் பிபியை ஏற்றும் ஃபினைல்எஃப்ரின் இழுத்துத் தயாராக இருக்க வேண்டும், ஒவ்வொரு நிமிடமும் பிபி பார்க்க வேண்டும். சில்டெனாஃபில் வகை மருந்து எடுத்திருக்கிறாரா என்று கேட்காமல் கொடுக்கவே கூடாது.

இரண்டாவது தவறு, வேலை முடிந்த பிறகு. தளர்ந்த கருப்பை ரத்தம் கக்கும். வெளித்திரும்பிய கருப்பையை உள்ளே தள்ளும்வரை, கருப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசினை நிறுத்தி வைக்கிறோம், நஞ்சு ஒட்டியிருந்தால் அதைப் பிய்க்காமல் அப்படியே சேர்த்துத் தள்ளுகிறோம். இடத்துக்கு வந்த நொடியே ஆக்ஸிடோசின் தொடங்க வேண்டும். உள்ளே இருக்கும் கை, கருப்பை இறுகுவதை உணரும்வரை வெளியே வரக் கூடாது.

மூன்றாவதைத் தவறு என்பதைவிடத் தவறான நம்பிக்கை எனலாம். பிட்டம் முதலில் வந்த பிரசவத்தில், முழுதாகத் திறக்காத கருப்பை வாயில் தலை மாட்டினால் நைட்ரோகிளிசரின் கட்டாயம் கைகொடுக்கும் என்று நம்பக் கூடாது. தசையிழை சொன்ன அதே காரணம்தான். அது தளர்த்துவது கீழ்ப்பகுதித் தசையை. கொலாஜன் நார் ஒரு நிமிடத்தில் இளகாது.

செவ்வந்தி

மிக்க நன்றி. அந்தக் கடைசிப் பத்தி அப்படியே பாடத்தில் போகும். நஞ்சு தங்கியிருந்தால், மயக்க மருந்துக்குப் போகுமுன் எல்லாருக்கும் இரண்டு அழுத்தம் ஸ்ப்ரே கொடுத்துவிட்டால் தானே வெளிவராதா? குறைமாத வலிக்கு ஒட்டும் பட்டை பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

மூன்றாம் ஜாமம்

வராது. பிரிட்டனில் 1,107 பெண்களிடம் சரியாக இதைத்தான் சோதித்தார்கள்: நாக்கின் கீழ் 800 மைக்ரோகிராம் அல்லது போலி மருந்து. 2019-இல் வெளியான முடிவில், கையால் நஞ்சை எடுக்க வேண்டிவந்தவர்கள் இரண்டு பக்கமும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல். மருந்துப் பக்கத்தில் படபடப்பும் பிபி இறக்கமும்தான் கூடுதல். காரணம் யோசித்தால் புரியும்: நஞ்சு கருப்பைச் சுவரிலிருந்து கழல்வதற்குத் தேவை சுருக்கம், தளர்ச்சி அல்ல. கழன்ற நஞ்சு மூடிய வாய்க்குப் பின்னால் சிக்கியிருந்தாலோ, எடுக்கப் போகும் கைக்கு வழி வேண்டுமென்றாலோ நைட்ரோகிளிசரினுக்கு வேலை இருக்கிறது. தானாக வரவைக்கும் மருந்தாக அதை நினைக்கக் கூடாது.

கார்த்திகைப்பூ

பட்டை பற்றி. 24 மணி நேரத்தில் 10 மி.கி. வெளியிடும் பட்டையை வயிற்றுத் தோலில் ஒட்டுவார்கள், ஒரு மணி நேரம் கழித்தும் வலி நிற்காவிட்டால் இன்னொன்று. 1994-இல் ஒரு சிறிய தொகுப்பில் நல்ல முடிவு வந்து எல்லாரும் நம்பிக்கையோடு பார்த்தார்கள். 2007-இல் கனடாவில் 153 பெண்களிடம் நடந்த சோதனையில் குழந்தைகளின் கடும் பாதிப்புகளைச் சேர்த்துக் கணக்கிட்ட அளவு குறைந்தது. ஆனாலும் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கையில், மற்ற மருந்துகளைவிட இது மேல் என்று சொல்லப் போதிய பலம் இல்லை. தலைவலி தாங்காமல் பட்டையைக் கழற்றச் சொல்பவர்களும் உண்டு. தொடர்ந்து ஒட்டியிருந்தால் நைட்ரேட்டுக்கு உடல் பழகிப்போவது இதய நோயாளிகளிடம் நன்றாகத் தெரிந்த விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நிபந்தனைகளோடு பரிந்துரைத்தது நிஃபெடிபினை. எந்த மருந்தானாலும் நோக்கம் 48 மணி நேரம் வாங்குவது: குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி வேலை செய்யவும், பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள இடத்துக்கு மாற்றவும். கிருமித் தொற்றால் வந்த வலியை அடக்கிப் பிடித்து வைப்பது தாய்க்கும் குழந்தைக்கும் கேடு, அதைத் தனிக் கட்டம் போட்டு எழுதுங்கள்.

நீலாம்பல்

ஆய்வுக்கூடப் பக்கத்திலிருந்து ஒன்று, ரத்த ஓட்டத்தைப் பற்றி ஒன்று.

மேலே முரண்பட்ட ஆய்வுகள் என்றார்களே, அதில் ஒரு பங்கு அளக்கும் முறையில் இருக்கிறது. வாயுவை நேரடியாகப் பிடிப்பது கடினம் என்பதால் அதன் எச்சமான நைட்ரைட்டையும் நைட்ரேட்டையும் அளக்கிறார்கள். இதற்கான கிரீஸ் முறை என்ற நிறச் சோதனை நைட்ரைட்டை மட்டுமே காட்டும். நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாகக் குறைத்த பிறகுதான் மொத்தம் தெரியும். முந்தைய வேளை கீரையோ பீட்ரூட்டோ சாப்பிட்டிருந்தால் ரத்தத்தில் நைட்ரேட் எகிறும், அதற்கும் கருப்பைக்கும் சம்பந்தம் இல்லை. கருப்பை வாய் நீரில் அளந்தால் அங்குள்ள பாக்டீரியாவே நைட்ரைட் செய்யும். உணவுக் கட்டுப்பாடு, தொற்று இல்லை என்ற உறுதி, ரத்தம் கலக்காத மாதிரி இவை மூன்றும் சொல்லப்படாத கட்டுரையை அப்படியே நம்பிப் பாடத்தில் ஏற்றாதீர்கள்.

ரத்த ஓட்டத்தைப் பற்றி: தசையைத் தளர்த்துவதில் எவ்வளவு விவாதம் இருந்தாலும், கருப்பைத் தமனிகளை விரிப்பதில் நைட்ரிக் ஆக்சைடின் பங்கு உறுதியானது. கர்ப்பமில்லாதபோது நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மி.லி. ஓடிய இடத்தில் நிறைமாதத்தில் 500 முதல் 750 மி.லி. வரை ஓடுகிறது. ஓட்டம் கூடக்கூட ரத்தம் குழாய்ச் சுவரை உரசும் விசை கூடும், அந்த உரசலே உட்படல நொதியைத் தூண்டும், குழாய் மேலும் விரியும். கர்ப்ப எலிக்கு இந்த நொதியைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் பிபி ஏறி, குட்டிகள் சிறுத்துப் பிறக்கின்றன. முன்சூல்வலிப்பில் (கர்ப்பத்தில் பிபி ஏறும் நோய்) நஞ்சு அதிகமாக வெளியிடும் ஒரு புரதம் ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணியைப் பிடித்து வைத்துக்கொள்வதால், நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியும் அடிபடுகிறது.

இதைப் படித்ததும் மாணவிகள் கேட்கப்போகும் கேள்வி: "அப்படியானால் அர்ஜினைன் கொடுக்கலாமா?" மெக்சிகோவில் முன்சூல்வலிப்பு அபாயம் அதிகமுள்ள 672 பெண்களிடம் அர்ஜினைனும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு வைட்டமின்களும் சேர்த்த உணவுக் கட்டியைச் சோதித்தார்கள். 2011-இல் வந்த முடிவில் நோய் குறைந்தது. வைட்டமின் மட்டும் பெற்றவர்களிடம் அப்படிக் குறையவில்லை. நல்ல அறிகுறிதான், ஆனால் அது அபாயம் கூடிய குழுவில், கண்காணிப்போடு நடந்தது. எல்லாக் கர்ப்பிணிக்கும் கடையில் வாங்கிக் கரைத்துக் குடிக்கச் சொல்ல அது அனுமதி ஆகாது. நொதிக்கு டெட்ராஹைட்ரோபயோப்டெரின் என்ற துணைப்பொருளும் வேண்டும். அது போதாத இடத்தில் அர்ஜினைனைக் கொட்டினாலும் நொதி நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதில் சூப்பராக்சைடு என்ற கேடு செய்யும் ஆக்சிஜன் வடிவத்தைத் தரும். அது இருக்கும் கொஞ்ச நைட்ரிக் ஆக்சைடையும் தின்று, திசுவைச் சுடும் பெராக்ஸிநைட்ரைட் ஆகிவிடும்.

சில்டெனாஃபிலை இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வயிற்றில் வளர்ச்சி குன்றிய குழந்தைக்கு ரத்த ஓட்டம் கூட்டலாம் என்று பல நாடுகளில் சோதித்தார்கள். பிரிட்டனிலும், நியூசிலாந்து–ஆஸ்திரேலியாவிலும் பலன் தெரியவில்லை. நெதர்லாந்துச் சோதனையை 2018 ஜூலையில் நடுவிலேயே நிறுத்த வேண்டிவந்தது. மருந்து பெற்ற தாய்மார்களின் குழந்தைகளில் நுரையீரல் ரத்தக்குழாய்ப் பிரச்சினை கூடுதலாகத் தெரிந்தது, குழந்தைகள் இறந்தார்கள். தாயின் கருப்பைத் தமனிக்கென்று கொடுத்த மருந்து நஞ்சைத் தாண்டிக் குழந்தைக்கும் போகும். நைட்ரிக் ஆக்சைடு பிறந்த இடத்தைவிட்டு நகராது, மாத்திரை உடலெங்கும் போகும். உங்கள் பாடக்குறிப்பில் மருந்துகள் தொடங்கும் இடத்தில் இந்த வித்தியாசத்தை முதலில் எழுதிவிட்டு, பிறகு அளவுகளுக்குப் போங்கள்.